மரக்காணம் உப்பளமும் மண்ணாங்கட்டி போட்டோகிராபர்களும்

டிஸ்கி: பறவைப் படம் எடுக்கும் நண்பர்களுக்கு இதைப் படிச்சா மனசு புண்படலாம். புண்படட்டும்னுதான் எழுதறேன். அடியேனும் அந்தக் கூட்டத்து ஆளுங்கறதால கொஞ்சம் உரிமை எடுத்துக்கறேன்.

பங்குனி கடைசி சனிக்கிழமை. ரிலீஸ் ஒருவழியா முடிஞ்சு ஆபீஸ்ல ஆணி கம்மி. மூணரைக்கு அலாரம் வெச்சு, ரூம்மேட்டை உதைச்சு எழுப்பி, சோழிங்கநல்லூர்ல பைக்கை எடுத்தா ஆறு மணிக்கு மரக்காணம். ஈசிஆர் நாலு வழிச்சாலை வேலைல மாமல்லபுரம் தாண்டினதும் வாய்க்குள்ள அரை கிலோ புழுதி போனது தனிக்கதை.

மரக்காணம்னு பேப்பர்ல வந்தா ஒண்ணு புயலா இருக்கும், இல்ல 2023 மே மாசம் எக்கியார்குப்பம் கள்ளச்சாராய சாவு மாதிரி ஏதாவது கெட்ட சேதியா இருக்கும். பாண்டிச்சேரிக்குக் கார் ஓட்டிட்டுப் போறவங்களுக்கு ரோட்டோரம் தெரியற வெள்ளைக் குவியல், அவ்ளோதான். "ஹே, சால்ட் பான்!"னு ஒரு செல்ஃபி. எனக்கு தமிழ்நாட்டுல ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகலாம்னு யாராவது சொன்னா இங்கதான் வருவேன். ஊட்டி கீட்டியெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க.

ஏன்னு சொல்றேன். நம்ம ஊர்ல வசந்தகாலம்னு ஒண்ணு சினிமாப் பாட்டைத் தவிர வேற எங்கயும் கிடையாது. மாசிப் பனி முடிஞ்சா நேரா அக்னி. ஆனா பங்குனி கடைசில, சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடி, இந்த உப்பளத்துல நிஜமான வசந்தம் ஒண்ணு வரும். ஐப்பசிலேர்ந்து சாம்பல் கலர்ல, வாடகைக்குக் குடிவந்தவன் மாதிரி சத்தமில்லாம மேஞ்சுகிட்டிருந்த உள்ளான்களுக்கு கலர் மாற ஆரம்பிக்கும். கர்லூ சாண்ட்பைப்பர்னு வளைஞ்ச மூக்கோட ஒரு உள்ளான் இருக்கு. மாசிலகூட அழுக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கும். இப்போ நெஞ்சு, வயிறு எல்லாம் செங்கல் செவப்பு. கல்பொறுக்கிக்கு முதுகுல தங்கப்பொட்டு, வயித்துல மையைக் கொட்டின மாதிரி கறுப்பு. கொசு உள்ளான், எண்ணி இருபத்தஞ்சு கிராம், நம்ம வீட்டுச் சிட்டுக்குருவி எடை. அதுவும் முதுகுல செம்பழுப்பு ஏத்திகிட்டு நிக்கும். எல்லாம் ஊருக்குக் கிளம்பற அலங்காரம்.

ஊர் எங்கன்னு நினைக்கறீங்க? வடக்கு சைபீரியா. மரக்காணம் 12 டிகிரி அட்சரேகை, சைபீரியாவுல தைமிர் தீபகற்பம் 72 டிகிரிக்கும் மேல. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர்னு பெருக்கிப் பாருங்க, நேர்கோட்டுல போனாலே ஆறாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல வருது. இருபத்தஞ்சு கிராம் உசுரு. பெட்ரோல் பங்க் கிடையாது, பிசினஸ் கிளாஸ் கிடையாது.

இப்ப மேட்டருக்கு வரேன்.

ஆறரை மணிக்கு, ரோட்டுலேர்ந்து கொஞ்சம் உள்ள, தண்ணி அரை ஜாண் நிக்கற பாத்தி ஒண்ணுல நல்ல கூட்டம். கொசு உள்ளான், செங்கல் கலர் உள்ளான், நடுவுல பவளக்காலி நாலஞ்சு, ஓரமா ஒத்தக்கால்ல தூங்கற கருவால் மூக்கன் பத்துப் பன்னெண்டு. நானும் ரூம்மேட்டும் கரைக்கு இந்தப்பக்கம் உக்காந்து பைனாகுலர்ல பாத்துகிட்டிருந்தோம். வரப்பு மேலேயே ஒரு பெரிய கார் வந்து நின்னுச்சு. நாலு பேரு. கையில இருந்த லென்ஸ் ஒவ்வொண்ணும் என் பைக் விலை இருக்கும். ரெண்டு பேரு ஓரமா மண்டி போட்டு கேமராவைத் தூக்கி ரெடியா வெச்சாங்க. மூணாவது ஆளு குனிஞ்சு ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தாரு. "ஒன், டூ, த்ரீ..."

தொப்.

மொத்தக் கூட்டமும் எழுந்துச்சு. கேமரா தட்டச்சு மெஷின் மாதிரி தட்டித் தள்ளுச்சு. ஒரு சுத்து சுத்தி அந்தக் கோடில போய் இறங்குச்சு. இவங்களும் காரை எடுத்துகிட்டு அந்தக் கோடிக்கு. மறுபடியும் ஒன் டூ த்ரீ. பின்னாடியே இன்னொரு குரூப்பு, ட்ரோனோட. எட்டேகால் மணிக்குள்ள அதே கூட்டம் ஒன்பது தடவை கிளம்பினதை நான் எண்ணினேன். (பொட்டி தட்டறவனுக்கு எண்றதைத் தவிர வேற என்ன தெரியும்.) கிட்டப் போய் ஏங்க இப்படின்னு கேட்டேன். "ப்ரோ, ஃப்ளைட் ஷாட் ப்ரோ. உக்காந்திருக்கற பறவையை யாரு ப்ரோ பாப்பா?"

சுர்ருன்னு ஏறுச்சு. ஆனா வாயைத் திறக்க முடியல. ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி, இதே பங்குனில, இதே அளத்துல மண்ணாங்கட்டி எறிஞ்ச கை என்னோடது.

அப்போ கூட வந்த நண்பனுக்காக எறிஞ்சேன். "டேய் ஒரே ஒரு தடவைடா"ன்னான். பறவைங்க கிளம்பின அடுத்த செகண்ட் பின்னாடிலேர்ந்து ஒரு குரல். உப்பு வாரிகிட்டிருந்த அக்கா ஒருத்தங்க, அம்பது வயசு இருக்கும், முழங்கால் வரைக்கும் உப்புத்தண்ணி காஞ்சு வெள்ளையா. "ஏந் தம்பி, அதுங்க பாட்டுக்கு துன்னுகினு கெடக்குதுங்க. துன்ற எடத்துல மண்ணை வுடுறியே, நீ துன்னும்போது எவனாச்சும் வந்து எலையை இழுத்தா சும்மா இருப்பியா?" பொறியியல் பட்டம், பறவைப் புத்தகம் நாலு, ஈபேர்ட்ல நூத்தி எண்பது லிஸ்ட், அத்தனையும் வெச்சுகிட்டு அந்தக்கா முன்னாடி நின்னப்போ எனக்கு ஒரு பதிலும் இல்ல. அந்தப் படத்துக்கு எத்தனை பேர் 'வாவ்' போட்டாங்கன்னு இப்பவும் ஞாபகம் இருக்கு, அதான் இன்னும் கேவலமா இருக்கு.

அவங்க சொன்னதுதான் அறிவியலும். பயணத்துக்கு முன்னாடி இந்தப் பறவைங்க வெறித்தனமா தின்னு கொழுப்பு ஏத்தும். அந்தக் கொழுப்புதான் டேங்க்ல பெட்ரோல். பட்டைவால் மூக்கன்னு ஒரு வகை, கிளம்பும்போது அதோட எடைல பாதிக்கு மேல கொழுப்பாவே இருக்கும். பறக்கும்போது வேண்டாத சுமைன்னு இரைப்பை, குடலைக்கூட சுருக்கிக்கும். 2022 அக்டோபர்ல அந்த வகைல அஞ்சு மாசக் குஞ்சு ஒண்ணு, அலாஸ்காலேர்ந்து டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர், பதினோரு நாள், எங்கயும் இறங்காம பறந்துச்சு. முதுகுல சாட்டிலைட் கருவி இருந்ததால நமக்குத் தெரிஞ்சுது. நம்ம கொசு உள்ளான் அவ்ளோ பெரிய வீரன் இல்ல, வழியில நின்னு நின்னுதான் போகும். ஆனா கணக்கு அதே கணக்குதான்.

விடியக்காலை ஃப்ளைட்டுக்கு ராத்திரி போனை சார்ஜ்ல போடறீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஒருத்தன் வந்து ஒயரைப் பிடுங்கி, போன்ல வீடியோ ஓட்டிட்டுப் போறான்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொருத்தனும் "ஒரு தடவைதானே ப்ரோ"ங்கறான். பறவை பறக்கும்போது இரட்டை நஷ்டம், தின்ற நேரமும் போச்சு, ஏத்தி வெச்ச கொழுப்பும் போச்சு. சார்ஜ் பாதியிலயே கிளம்பற பறவை எங்கயோ கஜகஸ்தான் பக்கம் விழுந்தா அந்தப் படத்தை எடுக்க நீங்க அங்க இருக்கப் போறதில்ல.

"பருந்து வந்தா பறக்கலையா?"ன்னு ஒரு அறிவாளி கேட்டாரு. பறக்கும் சாமி. பருந்து பசிக்கு வருது, ஒண்ணைத் தூக்கிட்டு, இல்ல ஏமாந்துட்டு, போயிடும். ஞாயித்துக்கிழமை மட்டும் கார்ல வரிசையா வராது. லைக்குக்காக வராது.

"நாங்க படம் போடறதாலதான் ஜனங்களுக்கு விழிப்புணர்வு வருது"ங்கறது அடுத்த வாதம். வரட்டும். என்ன விழிப்புணர்வு வந்துச்சுன்னா, அந்தப் படத்தைப் பாத்துட்டு அடுத்த வாரம் இன்னும் ரெண்டு கார் வருது. கர்லூ சாண்ட்பைப்பரை ஐ.யு.சி.என். 2024 அக்டோபர்ல ஒரு படி மேல ஏத்தி 'பாதிக்கப்படக்கூடியது' பட்டியல்ல சேத்தாங்க. அதே அறிவிப்புல கரையோரப் பறவைங்க மட்டும் பதினாறு இனம். நம்ம ஆளுங்க அந்தச் செய்தியையும் ஷேர் பண்ணாங்க. கூடவே போட்ட படம்? ஃப்ளைட் ஷாட்!

வரப்பு மேல கார் ஓட்டறதையும் சொல்லிடறேன். எல்லா உள்ளானும் சைபீரியாக்காரன் இல்ல. நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா, கெண்டிஷ் ப்ளோவர்ங்கற சின்ன உப்புக்கொத்தி எல்லாம் வெயில் ஏற ஏற இந்தமாதிரி அளத்துலயே முட்டை வைக்கும். கூடுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. வரப்புல சின்னக் குழி, சுத்தி நாலு கிளிஞ்சல். முட்டை மண் கலர். கால் கிட்ட இருந்தாக்கூடத் தெரியாது, டயருக்கு எப்படித் தெரியும்? அதைவிடக் கொடுமை, டயர் ஏறவே வேண்டாம். சித்திரை வெயில்ல அந்த உப்புக்கொத்தி முட்டை மேல உக்காந்திருக்கறது சூடேத்த இல்ல, நிழல் கொடுக்க. தண்ணிக்கு ஓடிப்போய் வயித்து இறகை நனைச்சுட்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். க்ளோஸ்-அப்புக்காக நீங்க அதைக் கால் மணி நேரம் எழுப்பி விட்டா முட்டை அங்கயே வெந்துடும்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 'வேட்டை'ங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம் சொல்லியிருக்குன்னு ஒருதரம் படிச்சுப் பாருங்க. சுடறது, வலை வைக்கறது மட்டும் இல்ல. பறவையோட முட்டையை, கூட்டைக் கலைக்கறதும் வேட்டைதான். உள்ளானுக்கு வலை வைக்கறவன் மாட்டினா கேஸ், பேப்பர்ல போட்டோ. (வலை வைக்கறது சரின்னு சொல்லல. கழுவெளிப் பக்கம் அது நிஜமான பிரச்சனைதான்.) நாம கலைச்சா மட்டும் 'வைல்ட்லைஃப் போட்டோகிராபி'யா?

ஞாயித்துக்கிழமை உள்பக்கம் போனோம், கழுவெளிக்கு. பனைமர வரிசை, அறுத்த வயல், கம்பில பனங்காடை, தலைக்கு மேல பனை உழவாரன், நுங்கு வெட்டறவர்கிட்ட ஆளுக்கு அஞ்சு நுங்கு. தண்ணி வத்திகிட்டு வர்றதால மிச்சமிருக்கற மடுவுல கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நெருக்கியடிச்சு நின்னுச்சு. 2021 டிசம்பர்ல 5,151.6 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியல்லயும் வந்தாச்சு. நல்ல விஷயம், மாத்துக் கருத்தே இல்ல.

மாத்துக் கருத்து எங்கன்னா, டீக்கடைல. முந்தின நாள் பாத்த அதே கும்பல் அங்க. பேச்சு சூடா ஓடுது. "சரணாலயம் மட்டும் பத்தாது பாஸ். அந்த உப்பளத்துக்காரங்களை மொதல்ல காலி பண்ணணும். எப்பப் பாரு குறுக்கும் நெடுக்கும் நடந்துகிட்டே இருக்காங்க. பேர்ட்ஸுக்கு ஒரே டிஸ்டர்பன்ஸ்." நான் வாய்ல வெச்ச மசால்வடை தொண்டைல மாட்டிகிச்சு.

பாஸ், அந்தத் தண்ணி அங்க எப்படி வந்துச்சுன்னு நினைக்கறீங்க? மழை நின்னதும் வரப்பைக் கொத்திச் சீர் பண்ணி, சேத்தை மிதிச்சு கெட்டிப்படுத்தி, பாத்தி பாத்தியா உவர்நீரை ஏத்தறாங்க. கடல்தண்ணி மூணு, மூணரை டிகிரி. வெயில்ல வத்த வத்த அடுத்தடுத்த பாத்திக்கு மாத்திகிட்டே போய், இருபத்தஞ்சு டிகிரிக்கு வரும்போதுதான் உப்பு பூக்கும். இந்த வரிசைல முதல் பாத்திங்கள்ல மீன்குஞ்சு, நடுப் பாத்திங்கள்ல உவர்நீர்ப் புழு, பூச்சி. கடைசிப் பாத்தில ஒண்ணும் இருக்காது, உப்பு மட்டும். கொசு உள்ளானுக்கு கால் ஒரு அங்குலம். அதுக்கேத்த ஆழத்துல, மாசக்கணக்கா, தினமும் பாத்துப் பாத்து தண்ணி நிறுத்தி வெச்சிருக்கறது யாரு? நாம டிஸ்டர்பன்ஸ்னு சொல்ற அந்தக் கால்கள்தான். பறவைக்கும் அது தெரியும். உப்பு வாரற ஆளுக்குப் பக்கத்துலயே பவளக்காலி மேயறதை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். நாம காரை விட்டு இறங்கினா மட்டும் கிளம்புது.

அந்த வேலையோட லட்சணம் தெரியுமா? வெள்ளை உப்புல பட்டுத் திரும்பற வெயில்ல கண்ணு கூசும், கால்ல வெடிப்பு, வெடிப்புல உப்பு. மழைக்காலத்துல வேலையே கிடையாது. அந்த மாசங்களுக்கு அரசாங்கம் ஐயாயிரம் ரூபா நிவாரணம் கொடுக்க ஆரம்பிச்சதே 2022லதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டிச்சேரி பக்கம் கரை ஏறினப்போ அளமெல்லாம் முங்கிப்போச்சு. அப்புறம் சேறு அள்ளி, வரப்பு கட்டி, மறுபடி மொதல்லேர்ந்து. அந்த வருஷம் வந்த பறவைக்கும் சோறு போட்டது அந்த வேலைதான்.

சரி, காலி பண்ணியாச்சுன்னே வெச்சுப்போம். உப்பு நின்னுபோன நிலம் என்ன ஆகும்? கொஞ்ச நாள்ல சீமைக்கருவேல முள்ளு. அப்புறம் யாரோ ஒருத்தர் ஃபைல்ல 'பயனற்ற நிலம்'னு எழுதுவார். மும்பைல பாருங்க, 2024 செப்டம்பர் 30 அன்னிக்கு காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பக்கத்து உப்பள நிலம் 255.9 ஏக்கரைத் தாராவித் திட்டத்து வாடகை வீடுகளுக்குக் கொடுக்க மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. அவ்ளோ தூரம் எதுக்கு? நான் சம்பளம் வாங்கற ஓஎம்ஆர் கட்டிடம் நிக்கறதே பள்ளிக்கரணைச் சதுப்போட ஒரு ஓரத்துலதான். சதுப்பு இன்னிக்கு பழைய அளவுல பத்துல ஒரு பங்கு. எங்க கேன்டீன் ஜன்னல்லேர்ந்து பாத்தா இப்பவும் எப்பவாவது பூநாரை தெரியும், நாங்க காபி கப்போட நின்னு "வாவ்"ங்கறோம். ஈசிஆர் நாலு வழியாகி மரக்காணம் சென்னைக்கு இன்னும் கிட்ட வரப்போகுது. 'கடல் காற்று வாங்க வாருங்கள்'னு மனை விக்கிற போர்டு இப்பவே ரோடு பூரா இருக்கு. அந்த அளத்துல வேலை நடக்கற வரைக்கும்தான் அது அளம்.

வேடந்தாங்கல் இங்கேர்ந்து ஒண்ணும் ரொம்ப தூரமில்ல. அங்க பறவையைக் காப்பாத்தினது டூரிஸ்ட்டா? பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு நல்லதுன்னு கண்ட விவசாயிங்க, வெள்ளைக்காரன் துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்தப்போ கலெக்டர்கிட்ட போய் நின்னு தடுத்தாங்க. பதினெட்டாம் நூத்தாண்டு முடியற காலத்துக் கதை. பறவையால அவங்களுக்கும் அவங்களால பறவைக்கும் லாபம். நம்மால பறவைக்கு என்ன லாபம்னு யாராவது சொல்லுங்களேன், நிஜமாவே கேக்கறேன்.

இதையெல்லாம் டீக்கடைல சொன்னேனான்னு கேட்டா, பாதி சொன்னேன். "நீங்க ரொம்ப எமோஷனல் ப்ரோ"ன்னு சிரிச்சுட்டு கிளம்பிட்டாங்க.

திரும்பற வழியில மறுபடி அளத்துல நிறுத்தினோம். அந்தக்கா இருந்தாங்க. என்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சு. "இன்னா தம்பி, இன்னிக்கு மண்ணாங்கட்டி எடுக்கலையா?" அசடு வழிஞ்சுகிட்டே பைனாகுலரைக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிகிட்டு கொஞ்ச நேரம் பாத்தாங்க. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அதுங்களுக்கு கலர் மாறும்கா, அந்தச் செவப்பு இருக்கே, அதுன்னு நான் பந்தாவா ஆரம்பிச்சேன்.

"தெரியும் தம்பி. இது செவந்துச்சுன்னா இன்னும் பத்து பாஞ்சு நாளு. அப்புறம் ஒண்ணு இருக்காது. எங்களுக்கு வெயிலு ஏறிடும், நெடுங்காலு முட்டை வெச்சிடும். அந்தாண்ட வரப்புல நாங்க நடக்க மாட்டோம்."

நாலு வருஷமா புத்தகம் படிச்சு எனக்கு இந்தக் காலண்டர் இன்னும் மனப்பாடம் ஆகல.

பி.கு.: அடுத்த ரெண்டு வாரத்துல மரக்காணம் போறவங்க காரை ரோட்டுலயே விட்டுட்டு நடங்க. பத்து மணிக்கு மேல வரப்பு பக்கம் போகாதீங்க. ட்ரோனை வீட்டுலயே பூட்டி வைங்க. மண்ணாங்கட்டி எறிஞ்சே ஆகணும்னு கை அரிச்சா, எங்க ஆபீஸ் பக்கம் வாங்க, நான் பறக்கறேன். :)